விலங்கும் வேதமும் – 9: இரண்டு எஜமானர்கள்

1807ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வேதாகமம் அச்சாயிற்று. அதில் யோசேப்பின் கதை உண்டு. அண்ணன்மார் அவனை விற்கிறார்கள். எகிப்துக்குப் போய் அடிமையாகிறான், எஜமானுக்கு நம்பிக்கையாக நடக்கிறான், கடைசியில் உயர்கிறான். பக்கத்தைப் புரட்டினால் நேரே சீனாய் மலை, பத்துக் கட்டளைகள். நடுவில் நடந்தது எதுவும் இல்லை. மோசே பார்வோன் முன்னால் போய் நின்றது இல்லை, வாதைகள் இல்லை, செங்கடல் பிளந்தது இல்லை. ஒரு ஜனம் முழுவதும் அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு புறப்பட்ட கதையைக் கத்தரித்து எடுத்துவிட்டு மீதியைத் தைத்திருந்தார்கள்.

மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்காகவே தயாரான பதிப்பு அது. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கும் புதிய ஏற்பாட்டில் பாதியும் அதில் கிடையாது. அடிமைக்கும் அடிமையல்லாதவனுக்கும் கிறிஸ்துவின் முன் பேதமில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய இடம் போய்விட்டது. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லி எபேசியருக்கு எழுதிய இடம் பத்திரமாக இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் முழுவதுமே காணோம். இதைச் செய்தது லண்டன் பிஷப் பீல்பி போர்ட்டியஸின் ஆதரவில் இயங்கிய, அடிமைகளுக்குக் கிறிஸ்தவம் போதிக்கும் சங்கம். போர்ட்டியஸ் அடிமை வியாபாரத்தை வெளிப்படையாக எதிர்த்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்லவர்தான். நல்லவர்கள் கையிலும் கத்தரிக்கோல் இருந்தது.

வேதாகமம் விடுதலையின் பக்கமா, அடிமைத்தனத்தின் பக்கமா என்று இன்றும் மேடை போட்டு வாதாடுகிறோம். அந்தக் கத்தரிக்கோலைப் பிடித்தவர்களுக்கு எந்த வசனம் எந்தப் பக்கம் என்பதில் குழப்பமே இருக்கவில்லை. ஆனால் ஒன்றை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டாமல் விட்டுவைத்த வசனங்களையும் அடிமைகள் தங்கள் போக்கில் வாசிப்பார்கள் என்பதை. இந்த அத்தியாயம் அப்படி ஒரு வாசிப்பைப் பற்றியது.

சென்ற இதழில் டெமராராவைப் பார்த்தோம். 1823 ஆகஸ்டில் அங்கே நடந்த அடிமைகளின் எழுச்சிக்குப் பின் லண்டன் மிஷன் ஊழியர் ஜான் ஸ்மித்துக்கு மரண தண்டனை விதித்ததையும், 1824 பிப்ரவரியில் அவர் சிறையிலேயே இறந்ததையும், மன்னரின் கருணை உத்தரவு அதற்கப்புறம் கரை சேர்ந்ததையும் எழுதியிருந்தேன். விட்டுப்போன ஒரு செய்தியை இங்கே சேர்த்துவிடுகிறேன். ஸ்மித் டெமராராவில் இறங்கியது 1817இல். அடுத்த ஆண்டே, அதே லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் சார்லஸ் மீட் குளச்சலில் வந்து இறங்கி நாகர்கோவிலுக்குப் போனார். தோளில் சீலை போட்டதற்காகப் பெண்கள் தாக்கப்பட்டதும் ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்ததும் அவர் காலத்துத் தென் திருவிதாங்கூரில்தான். உலகத்தின் இரு மூலைகளில், ஒரே சங்கத்தின் சபைகள் ஒரே பத்தாண்டில் அடி வாங்கின. அது தனி அத்தியாயத்துக்கு உரியது, பிறகு வருவோம். இப்போது ஜமைக்கா.

ஜமைக்காவில் பாப்டிஸ்ட் சபையை முதலில் நட்டது வெள்ளைக்கார மிஷனரி என்று நினைத்தால் தவறு. ஜார்ஜ் லைல் என்ற கறுப்பர். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, ஜார்ஜியாவில் எஜமானிடமிருந்து விடுதலை பெற்றுப் பிரசங்கியானவர். அமெரிக்கப் புரட்சி முடிந்து பிரிட்டிஷ் படை சவன்னா நகரைக் காலி செய்தபோது அவரும் புறப்பட்டார். கப்பல் செலவுக்கு ஒரு ராணுவ அதிகாரியிடம் கடன்பட்டு, அந்தக் கடன் தீர அவரிடமே வேலை பார்த்தார். 1783 வாக்கில் கிங்ஸ்டனில் ஊழியத்தைத் தொடங்கினார். வில்லியம் கேரி இந்தியாவுக்குப் புறப்பட்டது 1793இல். கேரிக்குப் பத்தாண்டு முந்தியவர் லைல். நம் சபை வரலாறுகளில் கேரிக்கு இருக்கும் இடத்தில் நூறில் ஒரு பங்குகூட இவருக்குக் கிடையாது.

லைல் கலகக்காரர் இல்லை. எஜமான் சம்மதம் இருந்தால்தான் அடிமையைச் சபையில் சேர்ப்பார். சபை விதிகளை எழுதி அதிகாரிகளிடம் காட்டி ஒப்புதல் வாங்கினார். அப்படியும் ராஜதுரோகமாகப் பிரசங்கித்தார் என்று அவரைச் சிறையில் வைத்தார்கள். 1814 முதல் இங்கிலாந்தின் பாப்டிஸ்ட் மிஷனரிகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கியபோது, அவர்கள் வந்திறங்கியது காலி நிலத்தில் அல்ல. கறுப்பர்கள் கறுப்பர்களுக்குப் பிரசங்கித்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

அந்தச் சபைகள் எப்படி நடந்தன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு மிஷனரிக்கு ஆயிரக்கணக்கில் மக்கள். பாதிப் பேர் பத்துப் பதினைந்து மைல் தள்ளி, கரும்புத் தோட்டங்களில். ஞாயிறுதோறும் எல்லாரும் வர முடியாது, ஒவ்வொருவரையும் பாதிரியார் பார்த்து விசாரிக்கவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தலைவர். அவரும் அடிமைதான். யார் ஞானஸ்நானத்துக்குத் தயார், யார் குடித்துவிட்டுச் சண்டை போட்டார், யாரைச் சபையிலிருந்து விலக்குவது எல்லாம் அவர் சொல்லித்தான் பாதிரியாருக்குத் தெரியும். அங்கத்தினர்களுக்கு அச்சடித்த சீட்டு. குறித்த காலத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். சீட்டைக் காட்டினால் சொர்க்கத்தில் விடுவார்கள் என்று இந்த ஜனங்கள் நம்புகிறார்கள் என மற்ற மிஷன்காரர்கள் கேலி செய்தார்கள். கேலியில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் எருதுகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் பக்கத்தில் எழுதப்பட்ட ஒருவருக்கு, இன்னொரு ஏட்டில் ஆளாகப் பெயர் எழுதி, அதற்கு அத்தாட்சியாக ஒரு சீட்டும் கையில் கொடுத்தால் அவர் அதை என்னவாக எடுத்துக்கொள்வார்?

எழுப்புதல் என்றாலே கண்ணீரும் கூக்குரலும் தரையில் விழுதலும்தான் நினைவுக்கு வரும். அதோடு அது நின்றுவிட்ட இடங்களும் உண்டு. அமெரிக்கக் குடியேற்றங்களை 1740இல் உலுக்கியெடுத்த ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டின் கூட்டங்களில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே அழுதார்கள். அதே ஒயிட்ஃபீல்ட், ஜார்ஜியாவில் அடிமை முறையைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்று வாதாடினார், அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தார். அவருடைய நண்பர் ஜான் வெஸ்லி 1774இல் அடிமைத்தனத்தைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். ஒரே எழுப்புதலின் பிள்ளைகள் இருவரும். ஆகவே கண்ணீரை வைத்து நான் எதையும் கணக்கிடுவதில்லை. யார் கையில் பொறுப்புக் கொடுக்கப்பட்டது என்று பார்ப்பேன். ஜமைக்காவில் அடிமைகள் கையில் கொடுக்கப்பட்டது.

தோட்டக்காரர்களுக்கு இது புரியாமல் இல்லை. 1826இல் ஜமைக்காவின் சட்டசபை புதிய அடிமைச் சட்டம் கொண்டுவந்தது. அடிமை பிரசங்கிக்கக் கூடாது, இரவுக் கூட்டம் கூடாது என்றெல்லாம் அதில் விதிகள். சமய உரிமையில் கை வைக்கிறது என்று லண்டன் அந்தச் சட்டத்தை நிராகரித்தது. ஆனாலும் உள்ளூர் நீதிபதிகள் தங்கள் வழியில் போனார்கள். 1830 ஈஸ்டர் சமயத்தில் சவன்னா-லா-மார் ஊரில் சாம் சுவைனி என்ற டீக்கன், பாதிரியார் ஊரில் இல்லாத நேரத்தில் ஒரு வீட்டில் ஜெபம் நடத்தினார். பிரசங்கித்ததாக வழக்கு. நான் ஜெபம்தான் செய்தேன் என்றார் அவர். இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டி இருபது சவுக்கடியும், சங்கிலி பூட்டி இரண்டு வாரம் சாலை வேலையும் விதித்தார்கள். அப்போது அந்தச் சபையையும் கவனித்துவந்த இளம் பாதிரியார் வில்லியம் நிப், சவுக்கடி விழும்போது பக்கத்தில் நின்றார். சங்கிலியோடு சுவைனியைத் தெருவில் நடத்திப் போனபோது கூடவே நடந்தார். பிறகு நடந்ததைப் பெயர்களோடு பத்திரிகையில் எழுதினார்.

நிப்புக்கு அவருடைய மிஷன் கொடுத்திருந்த கட்டளை தெளிவானது: அரசியலில் தலையிடாதே, எஜமான்-அடிமை விவகாரத்தைப் பேசாதே. பேசாமல்தான் இருந்தார்கள், பெரும்பாலும் எல்லாருமே. பேசியது வேறு ஆட்கள்.

மாண்டேகோ பே நகரத்தில் தாமஸ் பர்ச்செல் என்ற பாதிரியாரின் சபையில் ஒரு டீக்கன். பெயர் சாம் ஷார்ப். அவருடைய எஜமானின் பெயரும் சாமுவேல் ஷார்ப்தான். அடிமைக்கு எஜமான் பெயரையே வைத்துவிடுவது அங்கே சகஜம். வயது முப்பதை ஒட்டி இருக்கலாம். வாசிக்கத் தெரிந்தவர். வேதாகமத்தை மட்டுமல்ல, செய்தித்தாள்களையும் வாசித்தார். இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் அடிமை ஒழிப்புப் பற்றி யார் என்ன பேசினார்கள், அதைக் கேட்டு இங்குள்ள தோட்டக்காரர்கள் கூட்டம் போட்டு எப்படிக் கொதித்தார்கள் என்பதெல்லாம் அவர் வாயிலாகக் குடிசைகளுக்குப் போயிற்று. வெள்ளைக்காரர் சபையில் அவர் டீக்கன். மிஷனுக்குக் கட்டுப்படாத கறுப்பர் சபைகளிலோ அவர் 'டாடி' ஷார்ப், அப்பா என்று அழைக்கப்பட்ட தலைவர். இரண்டு உலகத்திலும் கால் வைத்திருந்த மனிதர்.

அவர் கையாண்ட வசனங்களில் முக்கியமானது மலைப்பிரசங்கத்தில் வருவது. ஒரே ஆள் இரு எஜமானர்களிடம் ஒருசேர வேலை பார்க்க இயலாது என்று இயேசு சொல்லும் இடம். அங்கே இயேசு பேசுவது பணத்தாசையைப் பற்றி. தேவனா, செல்வமா என்று கேட்கிறார். எந்தப் பாதிரியாரைக் கேட்டாலும் அப்படித்தான் விளக்கம் சொல்லியிருப்பார். எஜமான் என்ற சொல்லைத் தினமும் காலையில் சங்கு ஊதும்போது உடம்பால் அறிந்தவனுக்கு அதில் உருவகமே தெரியாது. எனக்கு ஏற்கெனவே பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார். அப்படியானால் இந்தத் தோட்டத்து எஜமான் யார்? வசனம் அவ்வளவுதான் கேட்டது. வேத பண்டிதர்கள் இதைத் தவறான வாசிப்பு என்று சொல்லக்கூடும். பண்டிதர்கள் யாரும் கரும்பு வெட்டியதில்லை.

பின்னால் சிறையில் ஷார்ப்பைச் சந்தித்துப் பேசிய மெதடிஸ்ட் மிஷனரி ஹென்றி பிளெபி அவர் பேச்சாற்றலைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஷார்ப் வாதிட்டது எளிமையானது: மனிதர்கள் இயல்பிலேயே விடுதலையில் சமமானவர்கள், வெள்ளையருக்குக் கறுப்பரை அடிமையாக வைத்திருக்க உரிமை இருப்பதைவிடக் கறுப்பருக்கு வெள்ளையரை வைத்திருக்க உரிமை அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. இதற்கு ஆதாரம் வேதாகமம் என்றார்.

1831 கடைசியில் ஷார்ப்பின் திட்டம் உருவாயிற்று. ஜெபக்கூட்டம் முடிந்ததும் சிலரை மட்டும் இருக்கச் சொல்வார். தாழ்ந்த குரலில் பேசுவார். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் யாரும் வேலைக்குத் திரும்பக் கூடாது, கூலி கொடுத்தால்தான் வேலை என்று உட்கார்ந்துவிட வேண்டும். யாரையும் தாக்கக் கூடாது. அவர்கள் வந்து அடித்தால் மட்டும் திருப்பி அடிக்கலாம். வேதாகமத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். நேரம் தேர்ந்த விதத்தைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் கழிந்தவுடன் கரும்பு அறுவடை தொடங்கும். முற்றிய கரும்பு காத்திருக்காது. வேலைநிறுத்தம் என்பதன் இலக்கணம் தெரிந்தவர்தான் இப்படி நாள் குறிக்க முடியும். மன்னர் ஏற்கெனவே விடுதலைப் பத்திரம் கொடுத்துவிட்டார், எஜமான்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்ற வதந்தியும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்து போயிருந்த பர்ச்செல் அதைக் கையோடு கொண்டுவருவார் என்று நம்பினார்கள்.

செய்தி பரவியது சபையின் வழியாகத்தான். எந்தத் தோட்டத்தில் யார் தலைவர், யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்று ஏற்கெனவே வகுத்து வைத்திருந்த ஏற்பாடு அது. பாதிரியார் ஒழுக்கத்தைக் கண்காணிக்க உண்டாக்கிய வலையை ஷார்ப் அப்படியே வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு ஈடாக இன்னொரு நாள் விடுமுறை தர மாட்டோம் என்று தோட்டக்காரர்கள் மறுத்ததில் கசப்பு ஏறியது. டிசம்பர் 27, செவ்வாய்க்கிழமை. சால்ட்டர்ஸ் ஹில் என்ற இடத்தில் புதிய ஜெபக்கூடத்தின் திறப்பு. நிப் எழுந்து, விடுதலைப் பத்திரம் என்று எதுவும் வரவில்லை, வேலைக்குத் திரும்புங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். கூட்டம் முகம் சுளித்தது. எஜமான்கள் நம் பாதிரியாரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று முணுமுணுத்தார்கள். அவருடைய பிரசங்கங்களிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டதற்கும் அவர் சொல்ல நினைத்ததற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அன்றுதான் அவருக்கே தெரிந்திருக்கும்.

அன்று மாலை, செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் மலைமேல் இருந்த கென்சிங்டன் தோட்டம் தீப்பற்றியது. அது உயரமான இடம். அங்கே எரிவது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். சற்று நேரத்தில் ஒவ்வொரு குன்றாகத் தீ எழுந்தது. உட்கார்ந்து மறுப்பது என்ற ஷார்ப்பின் திட்டம் முதல் இரவிலேயே கைமீறிவிட்டது. கறுப்பர் படையணி ஒன்று துப்பாக்கிகளோடு மான்ட்பீலியரில் வெள்ளையரின் குடிப்படையை எதிர்கொண்டு பின்வாங்கச் செய்தது. எழுச்சியில் சேர்ந்தவர்கள் 60,000 வரை இருக்கலாம் என்பது கணக்கு. தீவில் இருந்த அடிமைகள் மொத்தம் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். பதினோரு லட்சம் பவுனுக்கு அதிகமான சொத்து அழிந்தது. கொல்லப்பட்ட வெள்ளையர் ஏறக்குறைய 14 பேர். அறுபதாயிரம் பேர் எழுந்த கலகத்தில் இந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது, ஷார்ப் வாங்கிய சத்தியம் வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுபக்கக் கணக்கு வேறு. சண்டையில் ஏறத்தாழ 200 அடிமைகள் இறந்தார்கள். பின் விசாரணை என்ற பெயரில் 300க்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பன்றி திருடினான், மாடு திருடினான் என்பதற்குக்கூடத் தூக்கு. பிறகு வெள்ளையரின் கோபம் ஜெபக்கூடங்கள் பக்கம் திரும்பியது. ஆங்கிலிக்கன் பாதிரியார் ஜார்ஜ் வில்சன் பிரிட்ஜஸ் தலைமையில் 'காலனி திருச்சபை ஐக்கியம்' என்று ஒன்று 1832 ஜனவரியில் கிளம்பியது. பத்துக்கும் மேற்பட்ட பாப்டிஸ்ட் ஜெபக்கூடங்களும் சில மெதடிஸ்ட் ஜெபக்கூடங்களும் பட்டப்பகலில் இடிக்கப்பட்டன. இடித்தவர்களில் நீதிபதிகளும் குடிப்படை அதிகாரிகளும் இருந்தார்கள்.  கலகத்தைத் தூண்டியதாக நிப்பையும் கைது செய்தார்கள். அப்போதே கப்பலில் திரும்பி வந்த பர்ச்செலையும் பிடித்தார்கள். சாட்சி எதுவும் நிற்கவில்லை.

ஷார்ப் கடைசிவரை சொன்னது ஒன்றே: திட்டம் என்னுடையது, மிஷனரிகளுக்கு இதில் பங்கில்லை. 1832 மே 23ஆம் தேதி மாண்டேகோ பே சந்தையடியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அடிமையாக வாழ்வதைவிட அந்தத் தூக்குமரம் மேல் என்று பிளெபியிடம் சொல்லியிருந்தார். துறைமுகத்து மணலில் புதைத்த உடலைப் பின்னாளில் எடுத்துவந்து பர்ச்செலின் சபையில் பிரசங்க மேடைக்குக் கீழே அடக்கம் செய்தார்கள். 1975இல் ஜமைக்கா அவரைத் தேசிய வீரராக அறிவித்தது.

நிப் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1832 ஜூனில் பாப்டிஸ்ட் மிஷன் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அரசியல் வேண்டாம் என்று மேலிடம் எச்சரித்தது. அவர் எழுந்து, அடிமைத்தனம் இருக்கும் வரை அங்கே சபையே நடத்த முடியாது, அதை ஒழித்தே ஆக வேண்டும் என்று பேசத் தொடங்கியதும் சங்கத்தின் செயலர் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்தார் என்று சொல்வார்கள். நிப் உட்காரவில்லை. நீங்கள் கேட்காவிட்டால் பெண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஊர் ஊராகப் போய்ச் சொல்வேன் என்றார். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு முன்னால் சால்ட்டர்ஸ் ஹில்லில் வேலைக்குத் திரும்பச் சொன்ன அதே வாய்தான். பாடம் நடத்தப் போனவர் பாடம் கேட்டுத் திரும்பினார். யாரிடம் கேட்டார் என்பதை நாம் பார்த்தோம். பாராளுமன்றத்தின் இரு அவைகளின் விசாரணைக் குழுக்கள் முன்னும் நிப் சாட்சி சொன்னார். 1833இல் பாராளுமன்றத்துக்கு 5,000க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்து குவிந்தன, பெரும்பகுதி ஜெபக்கூடங்களிலிருந்து.

1833 ஆகஸ்ட் 28இல் ஒழிப்புச் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் தந்தார். 1834 ஆகஸ்ட் 1 முதல் அமல். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்தான் உடனடி விடுதலை. மற்றவர்கள் 'பயிற்சியாளர்' என்ற புதுப் பெயரில் பழைய எஜமானுக்கே கூலியின்றி வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த ஏமாற்றும் 1838 ஆகஸ்ட் 1இல் முடிந்தது. முந்தைய நள்ளிரவில், ஃபால்மத் ஜெபக்கூடத்தில் நிப்பின் சபையார் ஒரு சங்கிலியையும் சவுக்கையும் கழுத்து வளையத்தையும் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி அந்தச் சட்டத்தில் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் இது பொருந்தாது என்று தனியே விலக்கு எழுதியிருந்தார்கள். தஞ்சையின் பண்ணையாட்களும் மலபாரின் செறுமர்களும் இந்த விடுதலைக்குள் வரவில்லை. கம்பெனி நிலத்தில் அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பு விலகியது 1843இல். திருவிதாங்கூரில் 1855இல்.

சட்டத்தோடு இரண்டு கோடி பவுன் நஷ்டஈடும் ஒதுக்கப்பட்டது, அடிமைகளுக்கு அல்ல, எஜமான்களுக்கு. சென்ற இதழில் வந்த டெமராராவின் சக்சஸ் தோட்டத்து முதலாளி ஜான் கிளாட்ஸ்டன், பின்னால் பிரதமரான கிளாட்ஸ்டனின் தகப்பனார், 2,508 அடிமைகளுக்காக ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுனுக்கு மேல் வாங்கிக்கொண்டார். 1838இலேயே கல்கத்தாவிலிருந்து இந்தியக் கூலிகளைக் கப்பலில் வரவழைத்தவரும் அவர்தான். சாம் ஷார்ப்புக்கு அந்த இரண்டு கோடியில் பங்கு எதுவும் எழுதப்படவில்லை, அதற்குள் தூக்கிலிட்டிருந்தார்கள். அவருடைய கணக்கு தனியாகவே முடிந்தது. ஷார்ப் என்ற சொத்தைத் தூக்கிலிட்டுவிட்டதற்கு ஈடாக அரசாங்கம் அவருடைய எஜமானுக்குக் கொடுத்த தொகை: 16 பவுன், 10 ஷில்லிங்.